தலைக்குப் போட்ட மருந்து

ஆகஸ்ட் 18

என் அறுபதாம் கல்யாண ஆல்பத்தில் என் தலையில் முடி வரைந்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்யச் சொன்னவன் என் மருமகன் யுவராஜ். பின்னால் யாரும் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

ஆல்பம் இன்று காலை வந்தது. தூக்க முடியாத கனம். முதல் பக்கத்தில் சுலோச்சனா மாலையோடு நிற்கிறாள். அவள் அவளாகத்தான் இருக்கிறாள். பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான் எனக்குத் தெரியவில்லை. நெற்றிக்கு மேலே ஷூ பாலிஷ் தடவியதுபோல் கருகருவென்று முடி. கலசத் தண்ணீர் ஊற்றுகிற படத்தில் மட்டும் வரைய மறந்துவிட்டார்கள். அதில் வழுக்கையில் தண்ணீர் வழிகிறது. பக்கத்தைப் புரட்டினால் முடி திரும்ப வந்துவிடுகிறது. ஒரு குடம் தண்ணீரில் முளைத்துவிட்டது போலிருக்கிறது.

போன் செய்து கேட்டேன். அவன் சிரித்தான். “டச் அப் எல்லாருக்கும் பண்றதுதான் மாமா. நல்லாத்தானே இருக்கு” என்றான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஓசூரில் தொழிற்சாலை வந்த புதிதில் லேத் மெஷினைத் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, மெஷினோடு வந்த புத்தகத்தைப் படிக்க அகராதி வாங்கி, இங்கிலீஷை நானே கற்றுக்கொண்டு, டூல் ரூம் மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றவன். அளவு தவறிய பீஸுக்குப் பெயிண்ட் அடித்து அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. என் தலை அவர்களுக்கு அவமானமாக இருக்கிறதென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லட்டும். முடிதான் வேண்டுமென்றால் நிஜமாகவே வளர்த்துக் காட்டுகிறேன்.

வெளியே ‘மாப்பிள்ளை’, ‘நீங்க’, ‘வாங்க’ எல்லாம் உண்டு. இது என் நோட்டு. இங்கே யுவராஜ்தான்.

ஆகஸ்ட் 27

தோல் டாக்டரிடம் போனேன். டாக்டர் பெனாசிர். என் மகள் சுகந்தி வயதுதான் இருக்கும். தலையில் விளக்கு வைத்துப் பார்த்தார். இந்த வயதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். எதிர்பார்ப்பது என் பொறுப்பு, மருந்தை எழுதுங்கள் என்றேன்.

தலையில் தடவுகிற திரவம். இரண்டு மருந்து சேர்ந்தது. மினாக்ஸிடில் ரத்த ஓட்டத்துக்கு. ஃபினாஸ்டரைடு, ஆண் ஹார்மோன் முடியின் வேரைச் சுருக்காமல் தடுப்பதற்கு. ஆணின் முடியை விழ வைப்பது அவனுடைய ஹார்மோனேதான் என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டிலேயே இருந்து வீட்டையே கெடுக்கிற ஆள் மாதிரி.

வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது உண்டா என்று கேட்டார். நானும் மனைவியும் மட்டும்தான் என்றேன். அது அன்றைக்கு உண்மை. கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது, தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். தலையாட்டினேன்.

செப்டம்பர் 3

காலையும் மாலையும் தடவுகிறேன். அரிக்கிறது. தண்ணீர் மோட்டாரில் வாஷர் மாற்றினேன்.

செப்டம்பர் 22

இருந்ததும் கொட்டுகிறது. சீப்பில், தலையணையில், சாம்பார்க் கிண்ணத்தில்கூட ஒன்று. சுலோச்சனா அதை விரலால் எடுத்துக் காட்டி, “இருந்த நாலுல இது ஒண்ணு. பத்திரமா வச்சுக்குங்க” என்றாள்.

மருந்தோடு வந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். முதலில் பழைய முடி கொட்டும், பிறகு புதியது வரும் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. கொட்டுவது மட்டும் நடந்து, வருவது நடக்காமல் போனால்?

அக்டோபர் 9

கீரை ஆய்ந்துகொண்டே சுலோச்சனா சொன்னாள், படத்தில் முடி வைக்கச் சொன்னது யுவராஜ் இல்லையாம், அவள்தானாம். போட்டோக்காரப் பையன் டச் அப் வேண்டுமா என்று கேட்டானாம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சரி என்றாளாம். நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து இத்தனை நாள் சொல்லவில்லையாம்.

மருமகனைக் காப்பாற்ற இவள் எதையும் சொல்வாள். நான் நம்பவில்லை.

அக்டோபர் 29

சுகந்தி உண்டாகியிருக்கிறாள். போனில் சுலோச்சனாவிடம்தான் முதலில் சொன்னாள். பிறகு சுலோச்சனா போனை என்னிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் என்ன பேசுவதென்று தெரியாமல் தீபாவளிக்கு வாங்கிய சேலை நிறத்தைப் பற்றிப் பேசினோம்.

கல்யாணமாகி ஏழு வருடம். முன்னால் இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் மூன்று மாதத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் ஒரு மாதம் எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த முகத்தை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது.

மருந்துத் தாளில் கர்ப்பிணிகளைப் பற்றிய பத்தியை மறுபடி படித்தேன். அவள் பெங்களூரில் இருக்கிறாள், மருந்து இங்கே இருக்கிறது. சம்பந்தமில்லை.

நவம்பர் 16

சுகந்திக்கு லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யுவராஜுக்கு வேலை, அவன் அம்மாவுக்கு மூட்டுவலி. எனவே காரில் படுக்க வைத்து இங்கே கொண்டுவந்து விட்டான். டாக்டர் ஹேமலதா நம் தெருக்கோடியிலேயே கிளினிக் வைத்திருக்கிறார், ஸ்கேனும் அங்கேயே எடுக்கிறார். அதுவரைக்கும் நிம்மதி.

மருந்து பாட்டிலைப் பின்னறையில் பீரோ மேல் வைத்துவிட்டேன். என் தலையணை தனி, துண்டு தனி. அவள் இருக்கிற அறைக்குள் மாலையில் போவதில்லை. நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று டாக்டர் பெனாசிர் சொல்லியிருக்கிறார். கவனமாக இருக்கிறவனுக்கு எதற்கு நிறுத்துவது?

டிசம்பர் 5

வருகிறது. முன்நெற்றியில் பூனைமுடி போல. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பினால் வெளிச்சத்தில் தெரிகிறது.

டிசம்பர் 8

யுவராஜ் வார விடுமுறைக்கு வந்திருந்தான். என் தலையைப் பார்த்தான். “மாமா, வருதே” என்றான். எதையும் காட்டிக்கொள்ளாமல் காபி வேண்டுமா என்று கேட்டேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

சுகந்திக்கு ரத்தம் நின்றுவிட்டது. கொஞ்சம் நடக்கலாம் என்று டாக்டர் ஹேமலதா சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 21

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஓசூர்ப் பனியில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். அதனால் கார்த்திகை பிறந்ததிலிருந்தே வாயகன்ற பாட்டிலில் ஊற்றி வைப்பாள் சுலோச்சனா. விரலால் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த மருந்தில் ஸ்பிரிட் இருக்கிறது, தலை காய்ந்து அரிக்கும். எனவே தடவிக் காய்ந்ததும் மேலே கொஞ்சம் எண்ணெய் வைத்துக்கொள்வேன். பனி தொடங்கிய நாளிலிருந்து காலையும் மாலையும் அந்தப் பாட்டிலில் இரண்டு விரலை விட்டுத் தோண்டி, தலையில் தேய்த்து, போதாவிட்டால் மறுபடி அதே விரலை விட்டிருக்கிறேன்.

கையைக் கழுவினேனா? கழுவவில்லை. துடைத்தேன். டூல் ரூமில் யாரும் கை கழுவ மாட்டோம். கிரீஸ் தண்ணீருக்குப் போகாது. வேஸ்ட் துணியில் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் போட்டு மறுபடி துடைத்தால் கை சுத்தம். வாழ்நாள் முழுதும் எனக்கு அதுதான் கை சுத்தம். டாக்டர் சோப்பு என்று சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்து துணியை எடுத்தேன்.

இன்று காலை சுகந்தியின் அறை வாசலில் பேப்பரோடு நின்றேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுலோச்சனா அதே பாட்டிலை மடியில் வைத்து, எண்ணெயைத் தோண்டி உள்ளங்கையில் உருக்கி, அவள் வயிற்றில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் இழுக்காமல் இருக்குமாம். தினமும் தேய்க்கிறாளாம். வந்ததிலிருந்து.

“என்னப்பா, பேயைப் பாத்த மாதிரி நிக்கறீங்க” என்றாள் சுகந்தி.

டிசம்பர் 21, மாலை

பாட்டிலைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பொட்டலமாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். மருந்தையும்தான். சுலோச்சனா பாட்டிலைத் தேடினாள். பல்லி விழுந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன்.

டிசம்பர் 22

பல்லி என்று சொன்னது பெரிய தவறாகிவிட்டது. எப்போது விழுந்தது, விழுந்த எண்ணெயைப் பிள்ளை வயிற்றில் தேய்த்துவிட்டேனா, விஷம் ஏறியிருக்குமா என்று சுலோச்சனா அழ ஆரம்பித்துவிட்டாள். பஞ்சாங்கத்தை எடுத்துப் பலன் பார்த்தாள். எண்ணெயில் விழுந்ததற்கு அதில் பலன் போடவில்லை. சுகந்தியை இழுத்துக்கொண்டு டாக்டர் ஹேமலதாவிடம் ஓடினாள். நானும் போனேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். பல்லிக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, குழந்தைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, பயப்படாதீர்கள் என்று சுலோச்சனாவின் கையைப் பிடித்துச் சொன்னார். சுகந்தியும் சிரித்தாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். சுவரில் தொப்புள்கொடியின் படம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பயப்படக் கூடாது. அதற்காகத்தான் சொல்லவில்லை. மூன்று மாதம் கடந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

டிசம்பர் 26

டாக்டர் பெனாசிரிடம் போய்ச் சொன்னேன். யாரோ ஒருவருக்கு என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெண் குழந்தையாக இருந்தால் கவலையில்லையாம். ஆண் குழந்தையாக இருந்தால், அந்த ஆண் ஹார்மோனை வைத்துத்தான் ஆணுறுப்பு உருவாகிறது, அதை இந்த மருந்து தடுக்கக்கூடும் என்பதால்தான் எச்சரிக்கை. உருவாகிற காலமும் ஏறக்குறைய இதே வாரங்கள்தானாம். விரலில் ஒட்டியது, எண்ணெயில் கலந்தது, தோல் வழியாகப் போனது, எல்லாம் மிகமிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார்.

“ஆனா பெரும்பாலும்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல சார். அவங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க.”

சரி என்றேன். வருகிற வழியில் யோசித்தேன். பெண் என்று தெரிந்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 3

இன்று சுலோச்சனாவிடம் பேத்திதான் வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டு ராஜாத்தி கேட்டுக்கொண்டிருந்து, இந்த வயசுல இப்படி ஒரு மனுஷனா என்று மெச்சினாள்.

ஜனவரி 15

பொங்கல். யுவராஜ் வந்திருந்தான். முடி மறுபடி கொட்டுவதை அவனும் பார்த்தான், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. எதற்காகச் சொல்ல வேண்டும், அவன் சிரிப்பதற்கா? ‘படத்துல வச்ச முடி போதாதா மாமா’ என்று ஊர் முழுக்கச் சொல்வான்.

ஜனவரி 29

இன்று பெரிய ஸ்கேன். குழந்தையின் ஒவ்வொரு உறுப்பையும் பார்க்கிற ஸ்கேன். சுலோச்சனாவும் யுவராஜும் வந்திருந்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எல்லாரும் வெளியே வந்தோம். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் உள்ளே போனேன்.

டாக்டர் ஹேமலதா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தப் பலகை, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம் என்று. அது எல்லா ஸ்கேன் அறையிலும் உண்டு. வருடக்கணக்காக அதைப் பார்த்து, சரியான சட்டம் என்று நினைத்தவன் நான்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள் டாக்டர், பையனா பெண்ணா என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “பெரியவரே, நிமிர்ந்து அந்த போர்டைப் படிங்க. படிக்கத் தெரியும்ல?”

காரணம் இருக்கிறது என்றேன். “எல்லாருக்கும் காரணம் இருக்கு. ரெண்டு தடவை இழந்துட்டு வந்திருக்கு அந்தப் பொண்ணு. அதுகிட்ட போயி இந்தக் காரணத்தைச் சொல்லுங்க” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துகூட இருந்தது. ஆனால் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். என்னை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

கதவு சாத்தவில்லை. வெளியே மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 30

வீட்டுக்கு வந்து சுகந்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பொண்ணுன்னா என்னப்பா பண்ணியிருப்பீங்க? நானும் பொண்ணுதானே. என்னை எதுக்கு வளத்தீங்க?”

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். அவள் பையை யுவராஜ் காரில் வைத்தான். போகும்போது, “உங்ககிட்ட இதை எதிர்பாக்கல மாமா” என்றான். பெங்களூருக்கே போய்விட்டார்கள். பிரசவமும் அங்கேதானாம்.

பிப்ரவரி 4

சுலோச்சனா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாம் தெரிகிறது. ராஜாத்தியும் வாசலில் என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறாள்.

நான் செய்யாத குற்றத்துக்கு இத்தனை தண்டனை. செய்ததற்கு ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11

இன்று சுலோச்சனா பேசினாள். மாவு அரைத்து முடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அவ தினமும் போன்ல அழறா. பொண்ணாப் பொறந்தா அப்பா பாக்க வருவாராம்மான்னு கேக்கறா. நான் என்னங்க சொல்லட்டும்?”

நான் எழுந்தேன். சட்டையை மாட்டினேன். எங்கே என்று கேட்டாள். பெங்களூர் என்றேன்.

பேருந்தில் அத்திப்பள்ளி தாண்டும்வரை திரும்பி வந்துவிடலாம் என்றே இருந்தேன். பிறகு போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கால் என் கைமேல் பட்டுக்கொண்டே இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சோப்புப் போடுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் இழுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது யுவராஜ். சுகந்தி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றுகொண்டே சொன்னேன். மருந்தின் பெயர், எப்போது தொடங்கினேன், துணியில் துடைத்தது, எண்ணெய் பாட்டில், டாக்டர் பெனாசிர் சொன்னது, ஸ்கேன் அறையில் எதற்காகக் கேட்டேன் என்பது. மெஷின் ஏன் நின்றது என்று மேலதிகாரியிடம் சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அப்படித்தான் எனக்குச் சொல்ல வரும்.

சுகந்தியின் கை வயிற்றின்மேல் போனது.

“பல்லி விழுந்துச்சுன்னு டாக்டர்கிட்டப் போனோமே. அன்னிக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

“பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

“எண்ணெய் தெரியாம நடந்தது. அதை நான் விட்டுடுவேன்” என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யுவராஜ் சிரிக்கவில்லை. மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். டாக்டர் ஹேமலதாவுக்கு உடனே போன் செய்து நாளைக்கே பார்க்க நேரம் வாங்கினார். பிறகு சாப்பிட்டீர்களா மாமா என்று கேட்டார். அவர் இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 12

டாக்டர் ஹேமலதா எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் பெரியவரே என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. பயப்பட வேண்டியது மிகக் குறைவு என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ஸ்கேன் அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா நான் அந்தக் கண்ணோட பாத்திருப்பேன்.”

மறுபடி ஸ்கேன் எடுத்தார். அந்த இடத்தைப் பற்றி அவர் வாய் திறக்க முடியாது, சட்டம். தவிர, சின்னக் குறை ஸ்கேனில் தெரியாமலும் போகலாமாம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மார்ச் 20

முடி முழுக்கப் போய்விட்டது. தலை பழையபடி. டாக்டர் பெனாசிர் போன் செய்து, சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். வேறு ஏதாவது வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

மே 18

சுகந்தி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வாசலிலேயே, “அம்மாவுக்காக வந்திருக்கேன்” என்றாள். சரி என்று பையை வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள்.

மே 27

மாம்பழம் வாங்கி வந்தேன். நான் நறுக்கியதை அவள் சாப்பிடவில்லை. சுலோச்சனா நறுக்கியதைச் சாப்பிட்டாள்.

ஜூன் 14

அவளுக்குக் கால் வீக்கம். மின்விசிறி சத்தம் போடுகிறது என்றாள். கழற்றி பேரிங் மாற்றிக் கொடுத்தேன். நன்றி என்று சொல்லவில்லை, ஆனால் விசிறியைப் பார்த்தாள்.

ஜூன் 19

பிறந்துவிட்டது. சுகப்பிரசவம்.

நர்ஸ் துணியில் சுற்றித் தூக்கிவந்து, “ஆம்பளப் புள்ள” என்றாள். சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். சுலோச்சனா என்னைப் பார்த்தாள். பெங்களூரிலிருந்து திரும்பிய அன்றே அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று சம்பந்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

குழந்தை டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார். மாப்பிள்ளை திரும்பி என்னையும் வரச் சொன்னார். வரச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி இருக்கிறது. லேசான வகை. மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, மூச்சு, இதயம், எடை எல்லாம். ஒரு வயது வாக்கில் ஒரு ஆபரேஷன், பிறகு மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இருப்பான். நூற்றுக்கணக்கில் பிறக்கிற ஆண் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு இப்படி இருப்பதுதான் என்றார்.

அந்த மருந்தினாலா என்று கேட்டேன்.

“அதனாலதான்னும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது.”

டூல் ரூமில் தவறு நடந்தால் எந்த ஷிப்ட், எந்தக் கை என்று கண்டுபிடித்துவிடுவோம். இதற்குக் கண்டுபிடிப்பே கிடையாதாம். நான் அதைக் கேட்டு ஆறுதல் அடையவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு வழி திறந்திருக்கிறது, அதில் நான் போகப் போவதில்லை.

ஜூன் 24

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். எல்லாரும் தூங்கும் மத்தியான நேரத்தில் இதை எழுதுகிறேன். இனி நடக்க வேண்டியவை இவை.

மாப்பிள்ளை பெங்களூரில் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் செய்கிற டாக்டரை இந்த மாதமே பார்த்துப் பேசி வைக்க வேண்டும். அவருக்கு விடுப்பு கிடைக்காத நாட்களில் பிள்ளையைக் கொண்டுபோக வண்டிக்கு நான் ஏற்பாடு செய்ய வேண்டும், காரில் முன்சீட்டில் நான் உட்கார வேண்டும்.

சுலோச்சனா, தொட்டிலில் போட்டு அரைஞாண் கட்டுகிற அன்று, பிள்ளைக்குத் துணி கட்டியே வைத்திருக்க வேண்டும். ஆண் பிள்ளை என்றால் எல்லாக் கிழவிகளும் அவிழ்த்துப் பார்த்துக் கொஞ்சுவார்கள். அன்றைக்கு ஒருவர் கையும் அங்கே போகக் கூடாது. ராஜாத்தி கேட்டால் பிள்ளைக்குச் சளி என்று சொல்லிவிடட்டும். ஊருக்குச் சொல்கிற பொய்யைப் பற்றி எனக்கு இப்போது பெரிதாகக் கவலையில்லை. வீட்டுக்குள் சொல்கிற பொய்தான் கூடாது.

சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் இன்னும் எதுவும் தெரியாது. நான்தான் கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் மாமா என்றார். வேண்டாம் என்றேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் போகிறேன்.

டாக்டர் ஹேமலதாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப் பழக்கமில்லை. பழகிக்கொள்ள வேண்டும். டாக்டர் பெனாசிர் மருந்து எழுதும்போது, எந்த வயதுக்காரன் வந்தாலும், கையை எதில் துடைப்பாய் என்று கேட்க வேண்டும். இதை நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

சுகந்தி நன்றாகத் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், போனில் இதைப் பற்றி எதையும் தேடிப் படிக்கக் கூடாது. பிள்ளையை என் கையில் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். நான் கேட்க மாட்டேன். சுலோச்சனாவும் என் சார்பில் கேட்கக் கூடாது.

ஒரு நாள் அந்தப் பிள்ளை தழும்பைப் பார்த்து இது ஏன் என்று கேட்பான். அதற்கு அவன் அம்மா பதில் சொல்லக் கூடாது, அப்பாவும் சொல்லக் கூடாது. நான் சொல்ல வேண்டும். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, நான் சொல்லாமல் இருந்தது இவ்வளவு என்று சொல்ல வேண்டும். அவன் கேட்கிற வயதுக்கு எப்படியும் எட்டுப் பத்து வருடம் ஆகும். அதுவரை நான் இருந்தாக வேண்டும். சர்க்கரையை விட வேண்டும், தினம் ஏரிக்கரையைச் சுற்றி நடக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். இதை எனக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

செருப்பை எங்கே வைத்தேன் என்று பார்க்க வேண்டும். இன்று மாலையே தொடங்க வேண்டும்.